தையல் போட்டவன்

"எங்கப்பாவுக்கு இந்த வருஷம் முதல் கிளாஸைக் குடுக்காதீங்க."

சாராய வடிசாலை முதலாளி பான் செவெரின் கொர்னால்ஸ்கி அலுவலக வாசற்படி இரும்பில் பூட்ஸ் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். வியோலெட்டா சொன்னதைக் கேட்டதும், ஒற்றைக் காலில் நின்றவர் அப்படியே நின்றார். உள்ளே கிரிஸ்டினா அம்மாளின் டைப்ரைட்டரும் நின்றுபோனது.

இதை மட்டும் கேட்கக்கூடாது என்று வியோலெட்டாவின் அம்மா ரெகினா அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள். உருளைக்கிழங்கைத் துருவிக்கொண்டே, கையை நிறுத்தாமல் சொன்னாள். "முதலாளிகிட்ட வேற எது வேணும்னாலும் கேளு. விறகு கேளு, கூரைக்குத் தகரம் கேளு. இதை மட்டும் வாயத் தொறந்து கேட்டுடாதே. கேட்டா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா நாம மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குறது?"

இப்போது அவர் அதைத்தான் கேட்டார்.

"ஏன்?"

"அதைச் சொல்ல முடியாது."

"உங்க அப்பா கேக்கச் சொன்னாரா?"

"இல்ல."

"அம்மா?"

"கேக்கவே கூடாதுன்னாங்க."

அவர் இன்னொரு பூட்ஸை வழித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பெண்களிடம் பேசும்போது கழற்றுவார், மழையில்கூட. "வியோலெட்டா, நீங்க படிச்சவங்க. நீங்களே சொல்லுங்க. ஒரு மனுஷனுக்கு இந்த ஊர்ல இருக்கற ஒரே மரியாதையை, அவர் கேக்காம, காரணமும் தெரியாம, நான் எப்படிப் பிடுங்கறது?"

"அது மரியாதைன்னு யார் சொன்னது?"

"நீங்கதான். பன்னிரண்டாம் பக்கத்துல. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவரிடம் இருந்த சிக்கல். அவருக்குமுன் இருந்த தோழர் மேனேஜர் தொழிலாளிகளை எல்லாம் 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவார். அவரோடு சண்டை போடுவது சுலபம். பான் செவெரின் பாய்லருக்குக் கரி அள்ளுகிறவனைக்கூட 'பான்' என்று மரியாதை வைத்துத்தான் அழைப்பார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ரெகினாவின் கையை எடுத்து முத்தமிடுவார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் காய்ப்பேறிய அந்தக் கையை அவர் விட்டதும், ரெகினா கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொள்வாள்.

வடிசாலை ஆரம்பித்து நூற்றுப்பத்து வருஷமாகிறது என்று அந்த வருஷம் விழா. விழாவுக்கு ஒரு சிறு புத்தகம். அதை எழுதும் வேலையை வியோலெட்டாவுக்குக் கொடுத்தவர் அவர்தான். லுப்ளின் நகரத்தில் வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஊர் திரும்பியிருந்தாள். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பட்டதாரி மகள் வடிசாலை அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள் என்பதை அப்பா ஸெனோன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் எழுதியது முதல் கிளாஸ் பற்றி.

அக்டோபரில் உருளைக்கிழங்கு வந்து சேர்ந்ததும் வடிசாலையின் பருவம் தொடங்கும். கிழங்கைத் தண்ணீர் ஓடும் கால்வாயில் தள்ளிக் கழுவி, ஆவியில் வேகவைத்து, முளைவிட்ட தானியமும் ஈஸ்டும் சேர்த்துப் புளிக்கவிடுவார்கள். அந்த வாரம் ஊரே புளித்த ரொட்டி மாதிரி நாறும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை நாறும், தேவாலயத்துப் பெஞ்சு நாறும். பிறகு காய்ச்சி வடிப்பார்கள். அந்தப் பருவத்தின் முதல் சரக்கு செம்புக் குழாயில் வந்ததும், கலால் அதிகாரி முத்திரையை உடைக்க, பாதிரியார் மந்திரித்த தண்ணீரைத் தெளிக்க, முதலாளி தன் கையால் ஒரு கிளாஸ் பிடித்து வடிப்புக்காரனிடம் கொடுப்பார். அவன் எல்லோர் முன்னிலையிலும் குடித்துவிட்டு "ஓடட்டும்" என்பான். அவன் சொன்ன பிறகுதான் மற்ற வால்வுகளைத் திறப்பார்கள். மாட்டுக்குப் போடும் வடித்த கஞ்சிக்காக வெளியே டிராக்டர்களில் பீப்பாய் கட்டிக் காத்திருக்கும் சம்சாரிகளுக்கும் அந்த ஒரு சொல்தான் உத்தரவு.

வடிப்புக்காரன் எப்போதும் ஸெனோனின் குடும்பத்து ஆள்தான். ஸெனோனுக்கு முன் அவருடைய அப்பா. அவருக்கு முன் அவருடைய அப்பா. அவருக்கும் முன் அவருடைய அப்பா. முதல் ஆளைக் குடிக்கவைத்தவர் இந்த வடிசாலையைக் கட்டிய ஹிரோனிம் கொர்னால்ஸ்கி. அந்தக் காலத்தில் பக்கத்து ஊரில் யாரோ கெட்ட சரக்கைக் காய்ச்சி விற்றதில் கண் போனவர்கள் இருந்தார்கள். சந்தைக்காரர்கள் வாங்கப் பயந்தார்கள். ஹிரோனிம் அவர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்ணெதிரே தன் வடிப்புக்காரனைக் குடிக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவன் குருடாகவில்லை. வியாபாரம் படிந்தது.

யுத்தத்தில் ஜெர்மன்காரன் வந்து வடிசாலையை எடுத்துக்கொண்டான். அவனும் வடிப்புக்காரனைத்தான் முதலில் குடிக்கவைத்தான். யுத்தம் முடிந்து கம்யூனிஸ்ட் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கொர்னால்ஸ்கிகள் தலைநகர் வார்சாவில் இரண்டு அறை வீட்டில் போய் முடங்கினார்கள். தோழர் மேனேஜர் பாதிரியாரை மட்டும் நிறுத்தினார், கிளாஸை நிறுத்தவில்லை. பிறகு அந்த அரசாங்கமும் போனது, ஹிரோனிமின் கொள்ளுப்பேரன் செவெரின் திரும்பி வந்து இடிந்து கிடந்ததை வாங்கினார், பாதிரியார் மறுபடியும் வந்தார். யார் யாரோ வந்து போனார்கள். குடிக்கிற ஆளை மட்டும் யாரும் மாற்றவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வியோலெட்டா எழுதினாள்: 'நான்கு தலைமுறைகளாக இரண்டு குடும்பங்களுக்கு இடையே நிலவும் நம்பிக்கையின் சின்னம்.' எழுதிய அன்று அந்த வரி அவளுக்கே பிடித்திருந்தது.

"இன்னும் நாலு நாள் இருக்கு. காரணம் சொல்லலாம்னு தோணினா வாங்க" என்றார் பான் செவெரின். தொப்பியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். டைப்ரைட்டர் மறுபடி ஓடத் தொடங்கியது, கொஞ்சம் வேகமாகவே.

*

அவள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

ஸெனோன் அடுப்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்று முழுக்கக் குழாய்களுக்குள் தூரிகை விட்டுக் கழுவியதில் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ரெகினா கிழங்கு அடையைப் பன்றிக் கொழுப்பில் திருப்பிப் போட்டாள். கொழுப்பு சடசடத்தது.

"உக்காரு, சாப்பிடு" என்றாள் ரெகினா.

"அவள சாப்பிடச் சொல்லாதே. அவ வயிறு நெறஞ்சிருக்கும். எம்மானத்த தின்னுட்டு வந்திருக்கா."

"அப்பா..."

"நான் கேட்டேனா? ஏண்டி, நான் உன்ன அனுப்பினேனா? அறுபது வயசு ஆம்பளைக்குப் பொட்டப்புள்ள போய் சிபாரிசா? பாய்லர் ரூம்ல என்னைப் பாத்ததும் பேச்ச நிறுத்துறானுங்க. பாவாடை கட்டிக்கிட்டு வாடான்னு சொல்லல, அவ்வளவுதான்."

"குடிச்சா நீ செத்துருவப்பா."

"மெதுவாடி!" ரெகினா போய் ஜன்னலைச் சாத்தினாள். வெளியே மழைத் தூற்றலில் ஒரு கோழிகூட இல்லை.

ஈஸ்டர் கழிந்து ஒரு வாரத்தில் ஸெனோன் தனியாக லுப்ளினுக்குப் பஸ் ஏறிப்போனார். ஒரு டாக்டர் அவர் பின்புறத்தில் தோலைக் கீறி, உள்ளே மாத்திரைகளை வைத்துத் தைத்து அனுப்பினார். ஒரு வருஷத்துக்கு அது உடம்பில் கரைந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு வருஷத்தில் ஒரு மடக்குக் குடித்தாலும் காது சிவக்கும், முகம் பீட்ரூட் மாதிரி ஆகும், நெஞ்சு அடைக்கும், ஆள் போனாலும் போவான். அப்படிச் செய்துகொண்டவர்களுக்கு அவர்கள் ஊரான ஓல்ஷின்காவில் 'தையல் போட்டவன்' என்று பெயர். குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பவனை ஊர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் விடும். தையல் போட்டவனை ஊர் பார்க்கிற பார்வையே வேறு. காயடித்த கடா. பெண்டாட்டி ஊசியும் நூலும் எடுத்துத் தைத்துவிட்டவன். தையல் போட்ட பூசெக் என்பவனின் வீட்டுக் கதவில் ஒரு கல்யாணத்தன்று நூல்கண்டைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அவன் இப்போது ஊரில் இல்லை.

ஆகவே இந்த வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். ஸெனோன் கடை வாசலில் நண்பர்களோடு நின்றால் கோட்டுப் பையில் தண்ணீர் ஊற்றிய குப்பியை வைத்திருப்பார். வேண்டுமென்றே தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ரெகினா வேண்டுமென்றே வாசலில் நின்று கத்துவாள். கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் டீ குடிப்பார்கள். கோடை முழுக்க வடிசாலை மூடிக்கிடந்ததால் சமாளித்தார்கள்.

"துப்பிடுவேன்" என்றார் ஸெனோன். "வாயிலயே வச்சிருந்து, கைக்குட்டையில துப்பிடுவேன்."

"'ஓடட்டும்'னு எப்படிச் சொல்லுவே? வாயில வச்சுக்கிட்டேவா?" என்றாள் வியோலெட்டா.

அவர் அடையைப் பிய்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "அதுல ஒண்ணும் இருக்காதுங்கறான் பாய்லர் ரூம் ரிஷெக். அந்த டாக்டருங்க பாதிப் பேரு சுண்ணாம்புக் கட்டிய வச்சுத் தச்சு அனுப்பறானுங்களாம். பயத்துலயே ஜனம் குடிக்காம இருக்குமாம்."

"ரிஷெக்குக்கு எப்படித் தெரியும்?" ரெகினா பதறினாள்.

"என்னப் பத்தி இல்லடி. பொதுவா சொன்னான்."

"சுண்ணாம்பா இருந்தா நல்லதுதானே. குடிச்சா ஒண்ணும் ஆகாது" என்றாள் வியோலெட்டா.

"நல்லதா?" ஸெனோன் அடையைத் தட்டில் போட்டார். "உனக்குப் புரியல. எனக்குள்ள இருக்கறது விஷமா சுண்ணாம்பான்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் ஈஸ்டர்லேர்ந்து தொடல. சுண்ணாம்புன்னு தெரிஞ்ச அன்னிக்கு..." அவர் முடிக்கவில்லை. வெளுத்த விரல்களை அடுப்பின் பக்கம் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வியோலெட்டாவுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. அந்தக் கிளாஸ் அவரைக் கொன்றாலும் போச்சு, கொல்லாவிட்டாலும் போச்சு.

அவர் ஏன் லுப்ளினுக்குப் போனார் என்று அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ஈஸ்டருக்கு முன்னால் அவளுடைய பட்டமளிப்பு. கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு அவர் வந்தார். பஸ்ஸிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். மண்டபத்து நடைபாதையில், பளிங்குத் தூணில் கை ஊன்றி நின்றவரின் கால்சட்டை முன்புறம் நனைந்திருந்தது. தரையில் ஈரம். ஒரு பேராசிரியை வியோலெட்டாவிடம் திரும்பி, "யார் இவர், உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றாள் வியோலெட்டா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, "தப்பான இடத்துக்கு வந்துட்டேம்மா, மன்னிச்சுக்குங்க" என்று அந்தப் பேராசிரியையிடம் சொல்லிவிட்டு, படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

*

மறுநாள் ரிஷெக் வந்தான். பாய்லர்காரன். ஸெனோனோடு ஒரே வகுப்பில் படித்து ஒரே வகுப்பில் நின்றவன், அவரை ஸெனெக் என்றே கூப்பிடுபவன். செய்தித்தாளில் சுற்றிய உப்பு மீனை மேஜையில் வைத்தான், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"ஸெனெக், உண்மையைச் சொல்லு. உனக்கு என்ன வியாதி?"

"ஒரு வியாதியும் இல்ல."

"கிரிஸ்டினா சொல்றா உனக்குப் புத்துநோயாம். கடைக்காரி சொல்றா சக்கரையாம். பாதிரியார் வீட்டு சமையக்காரி சொல்றா நீ வேற வேதத்துக்கு மாறிட்டியாம், வீடு வீடா வந்து பைபிள் விப்பாங்களே, அந்தக் கூட்டத்துல. எது நெஜம்? எதுக்கு அழணும்னு தெரிஞ்சா அழுதுட்டுப் போவேன்."

ரெகினா மீனின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "ஈரல்."

ஸெனோன் அவளைப் பார்த்தார்.

"ஈரல் வீங்கியிருக்கு. லுப்ளின் டாக்டர் சொன்னார். கொஞ்ச நாளைக்குத் தொடக்கூடாதாம்."

ரிஷெக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "ஈரலா! அட, முதல்லயே சொல்றதுக்கென்ன? ஈரல் போறது என்ன சாதாரணமா? அது உழைச்சுச் சம்பாதிச்சதுல்ல!" ஸெனோனின் முதுகில் தட்டினான். "எங்கப்பாவுக்கும் ஈரல்தான். சவப்பெட்டியில வச்சப்பகூட வயிறு இம்மாம் பெருசு. பாதிரியாரே சொன்னார், இவன் போர்வீரன் மாதிரி செத்தான்னு. நான்கூட பயந்துபோனேன் ஸெனெக்."

"எதுக்குப் பயந்தே?"

"ஒருவேளை நீ தையல் போட்டுட்டியோன்னு."

ரெகினாவின் கை மீன் தலையிலேயே நின்றது. பிறகு ஸெனோன் சிரித்தார். ரிஷெக் சிரித்தான். ரெகினாவும் சிரித்தாள், மீன் உப்பு பட்ட புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"எவன்டா தைப்பான் இந்தப் பின்னாடிய? ஊசி உடைஞ்சு போகும்" என்றார் ஸெனோன்.

வியோலெட்டா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் வாழ்க்கையில் சொந்தமாக, யாரும் சொல்லாமல், துணிந்து செய்த ஒரே காரியத்தைப் பார்த்து அவரே சிரித்துக்கொண்டிருந்தார்.

ரிஷெக் போன பிறகு ரெகினா சொன்னாள்: "பாத்தியா? உன் படிப்பால ஆகாதது ஒரு ஈரலால ஆயிருச்சு. நீ வாய மூடிக்கிட்டு இரு, போதும்."

"பொய்தானேம்மா."

"பொய்தான். பொய் சொல்லி ஒரு மனுஷன் உயிரோட இருக்கட்டும்னா உனக்கு என்னடி எரியுது?"

அன்று மாலையே வியோலெட்டா பான் செவெரினிடம் போய் "ஈரல்" என்றாள். அவர் உண்மையாகவே வருந்தினார். அலமாரியிலிருந்து ஒரு தேன் புட்டி எடுத்துக் கொடுத்தார், அப்பாவுக்கு. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. உங்க குடும்பத்து மரியாதைக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன்" என்றார். அவள் நன்றி சொன்னாள். சொல்லும்போது அவர் பார்வை அவள் மேலேயே இருந்தது, ஏதோ நல்ல யோசனை வந்தவரைப் போல.

*

விழா நாளன்று காலையிலிருந்து பனிமூட்டம். வடிசாலைக்கு வெளியே டிராக்டர்கள் சாலை வளைவு வரை நின்றன. பீப்பாய்க்காரர்கள் கையைத் தேய்த்துக்கொண்டு, பாதிரியாரையும் முதலாளியையும் திட்டிக்கொண்டு நின்றார்கள். மாடுகளுக்குக் காலையிலிருந்து ஒன்றும் போடவில்லை, சூட்டுக் கஞ்சி வருமென்று.

உள்ளே சூடு. செம்பு பளபளத்தது. ஸெனோன் மூன்று நாளாகத் தேய்த்த செம்பு. வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள்: மாவட்டத்து அதிகாரி, பாதிரியார், வார்சாவிலிருந்து வந்த கொர்னால்ஸ்கி உறவுக்காரர்கள், பின்னால் தொழிலாளிகளும் அவர்கள் பெண்டாட்டிகளும். எல்லார் கையிலும் சிறு புத்தகம். மை நாறியது. ரெகினா தேவாலயத்துக்குக் கட்டும் தலைத்துணியைக் கட்டியிருந்தாள். ஸெனோன் வெள்ளைச் சட்டை போட்டு, ஈரல்காரனுக்கு உரிய மாதிரி கொஞ்சம் குனிந்து நின்றார். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் முதல்முறையாக அவர் யாருக்கும் பயப்படாமல் நின்றார். கைக்குட்டை தேவைப்படவில்லை. ரெகினாவின் பொய் வேலை செய்தது. இன்னும் கால் மணி நேரம் தாண்டியிருந்தால் முழுசாக வேலை செய்திருக்கும்.

கலால் அதிகாரி முத்திரையை உடைத்தார். பாதிரியார் தெளித்தார். பான் செவெரின் குழாயடியில் கிளாஸைப் பிடித்தார். தண்ணீர் மாதிரி, ஆனால் தண்ணீரைவிடக் கொஞ்சம் சோம்பலாக, அது நிறைந்தது.

"நண்பர்களே, நம்ம பான் ஸெனோனுக்கு இந்த வருஷம் உடம்பு இடம் கொடுக்கல. ஏன்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்காக இந்தக் கிளாஸை வேற குடும்பத்துக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. இந்தக் குடும்பம் எங்களுக்காக நாலு தலைமுறையா குடிச்சிருக்கு." அவர் குரல் தழுதழுத்தது. "இதுவரைக்கும் இதை ஒரு பெண் குடிச்சதில்ல. இன்னிக்கு இந்தக் குடும்பத்தோட முதல் பட்டதாரி, நம்ம வரலாற்றை எழுதினவங்க, இந்தக் கிளாஸை எடுத்துக்கணும். வாங்க, வியோலெட்டா."

கைதட்டினார்கள். பெண்கள் பக்கம்தான் சத்தம் அதிகம். யாரோ அவளை முதுகில் தள்ளிவிட்டார்கள். கிளாஸ் அவள் கைக்கு வந்துவிட்டது. குளிர்ந்திருந்தது. மூக்கில் ஏறியது.

எதிரே அப்பா நின்றார். முகமெல்லாம் பெருமை. "எடுத்துக்கோ" என்று தலையசைத்தார். உதட்டை அசைத்து, சத்தமில்லாமல், அந்தச் சொல்லைக்கூட எடுத்துக்கொடுத்தார்: ஓடட்டும்.

எங்களுக்காகக் குடிச்சிருக்கு. அவளால் அந்த வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. மண்டபத்துத் தூணும், தரையில் இருந்த ஈரமும், 'தெரியாது' என்று தான் சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இந்த முறை தெரியும் என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. எல்லார் முன்னாலும்.

"எங்கப்பாவுக்கு ஈரல்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

"வியோலா!" ரெகினாவின் குரல்.

"அவர் தையல் போட்டிருக்கார். அவரே போய்ப் போட்டுக்கிட்டார். யாரும் சொல்லல. ஈஸ்டர்லேர்ந்து ஒரு சொட்டு தொடல. இந்த ஊர்ல எந்த ஆம்பளைக்கும் அந்தத் தைரியம் இல்ல. இந்தக் கிளாஸ் எனக்கு வேணாம். நாலு தலைமுறை போதும். நீங்களே குடிங்க, பான் செவெரின்."

ஆவிக்குழாய் மட்டும் சீறியது. மாவட்டத்து அதிகாரி பாதிரியாரைப் பார்த்தார். கொர்னால்ஸ்கி உறவுக்காரப் பெண்ணொருத்தி, "என்ன தையல்?" என்று பக்கத்தில் கேட்டாள். பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தான். சிரிப்பு ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குப் போனது. பான் செவெரின் கிளாஸையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கை நீளவில்லை.

வியோலெட்டா அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், பளிங்குத் தூணுக்குப் பக்கத்தில். தெரியாது என்று சொன்னபோது எப்படி இருந்ததோ, தெரியும் என்று சொன்னபோதும் அப்படியேதான் இருந்தது.

ஸெனோன் நிமிர்ந்தார். குனிந்த முதுகு நேரானது. நடந்து வந்து அவள் கையிலிருந்து கிளாஸை வாங்கினார். பிடுங்கவில்லை. மெதுவாக, விரல் விரலாக விடுவித்து வாங்கினார்.

"பொண்ணு ரொம்பப் படிச்சிருச்சு, பான் செவெரின். மன்னிச்சுக்குங்க. எனக்காவது, தையலாவது!"

"அப்பா, வேணாம்..."

தலையைப் பின்னால் சாய்த்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டு விழவில்லை.

"ஓடட்டும்!"

கூரை அதிரக் கத்தினார்கள். வால்வுகள் திறந்தன. வெளியே டிராக்டர்கள் உறுமின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூன்று பேர் அசையாமல் நின்றார்கள். ஸெனோன் கிளாஸோடு நின்றார். ரெகினா தலைத்துணியின் முனையை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். வியோலெட்டா அவருடைய காதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு காதில்தான் ஆரம்பிக்கும் என்பார்கள்.

பாதிரியார் ஜெபத்தை முடித்தார். ரொட்டியும் கொழுப்பும் ஊறுகாய் வெள்ளரியும் தட்டில் வந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாவட்டத்து அதிகாரி பேசினார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். காது வெளுப்பாகவே இருந்தது. ஊரின் கண்களும் மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து விலகி அவள் முகத்துக்கு வந்தன. பெற்ற அப்பனைப் பற்றிப் பொய் சொன்னவள். அப்போது, அந்தக் கூட்டத்தின் நடுவில், அவளுக்குள் ஒன்று ஓடியது: சிவக்கட்டும். கொஞ்சமாவது சிவக்கட்டும். நான் சொன்னது உண்மைதான் என்று இவர்கள் பார்க்கட்டும்.

தான் எதை வேண்டிக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்ததும் அவர் காதிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எங்கடா தையல்? பிரிஞ்சு போச்சா?" ரிஷெக்தான் முதலில் கத்தினான். சிரிப்பு வெடித்தது. நான்கு பேர் ஸெனோனைக் கட்டிப்பிடித்தார்கள். ரெகினா சிலுவைக் குறி போட்டாள். "ஒண்ணும் ஆகல. மாதாவே, ஒண்ணும் ஆகல" என்று அழுதாள். சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவளைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஸெனோன் சிரிக்கவில்லை. தன் வயிற்றில் எதையோ கேட்பவர் போல நின்றிருந்தார். பிறகு அவர் முகம் தளர்ந்தது. நல்ல செய்தி வந்தவன் முகம் மாதிரியும் இருந்தது, சாவுச் செய்தி வந்தவன் முகம் மாதிரியும் இருந்தது. மகளைப் பார்த்தார். கோபமே இல்லை. அப்புறம் திரும்பி, கிளாஸைப் பான் செவெரினிடம் நீட்டினார்.

"நல்லா வந்திருக்கு. ஆனா மனுஷன் ஒத்தைக் கால்ல நிக்க முடியுமா? ரெண்டாவது காலுக்கு ஒண்ணு ஊத்துங்க."

பான் செவெரின் நிம்மதியோடு ஊற்றினார்.

வியோலெட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் பாவாடையை இழுத்துக்கொண்டு ஒதுங்கினாள், பட்டுவிடாமல் இருக்க. வாசலில் கஞ்சிக் குழாயடியில் ஆவி எழுந்துகொண்டிருந்தது. பீப்பாய் நிறையக் காத்திருந்த ஒரு சம்சாரி அவளைப் பார்த்துக் கையாட்டினான். உள்ளே நடந்தது அவனுக்குத் தெரியாது.

"யாரு, ஸெனெக் பொண்ணா? உங்கப்பன் கொரல் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அவன் அவன்தான்!"

அவள் நிற்கவில்லை. வண்டிகளைத் தாண்டி வளைவுக்கு வந்ததும் வலப்பக்கம் திரும்பினாள், லுப்ளின் பஸ் நிற்கும் சாலைக்கு. பை இல்லை, குடை இல்லை. மாற்று உடுப்பெல்லாம் வீட்டில் இருந்தது.

"ஏ பொண்ணு! வீடு அந்தப் பக்கம்!" கடைசி டிராக்டர்காரன் கத்தினான்.

"தெரியும்" என்றாள்.

அவள் அதை முடிவு செய்தது வளைவில் அல்ல, வாசலிலும் அல்ல. அவர் இரண்டாவது கிளாஸுக்குக் கை நீட்டியபோதே முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது நடப்பது மட்டும்தான். நடந்தாள்.